பதினோராம் அத்தியாயமும் அனஸ்ரேசியாவின் கடுதாசியும்

கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பேச்சாளன் என்னையும் சேர்த்தால்தான் பத்து. அதற்கும் ஒரு ஒலிவாங்கி, ஒரு நிமிட அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, கடைசியில் நன்றியுரை. ஒஸ்லோவில் மூன்று தமிழர் சேர்ந்தால் அதில் ஒருவர் தலைமை தாங்காமல் தேத்தண்ணி குடிக்க முடியாது. நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துப் பின்மேசையில் பொரித்த றோல்ஸ் பெட்டியையும் திறந்துவிட்டார்கள். அந்த வாசத்துக்குள் நின்றுதான் நான் இலக்கியம் பேசினேன்.

2007 கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஸ்டோவ்னர் நூலகத்தின் பின்னறை. ஒழுங்கு செய்தவன் மகேசன். 'வடதிசை' என்ற மாதப் பத்திரிகையைத் தனியாளாக நடத்துகிறவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பேசச் சொன்ன பொருள், ஒரு நாவலாசிரியரின் வாழ்க்கையும் மனச்சாட்சியும் அவருடைய எழுத்தை எப்படி ஆக்கின என்பது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர் அவர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், 'ஓ, பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்' என்று சொல்லி நீங்கள் மேற்கொண்டு கேட்க மாட்டீர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சிறீஸ்கந்தராசா. தொழில் மொழிபெயர்ப்பு. நொர்வேக்காரர் 'தோல்க்' என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நான் தோல்க் சிறீ. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கத்தையும் சொல்வேன். அங்கே கேட்டதை வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது சட்டம், நானும் விடுவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியுமே! யாருக்குச் சலரோகம், யாருக்கு விவாகரத்து, யாருடைய மகள் மருந்தைக் குடித்தாள், எல்லாம் எனக்குள் கிடக்கிறது. அதனால் தமிழ்க்கடையில் என்னைக் கண்டால் மற்ற வரிசைக்கு மாறிவிடுவார்கள். கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் வெறுமையாக இருக்கும். கோவிக்க ஏதும் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மனைவி வசந்தமலர் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று ரொறன்ரோவுக்குப் போனாள். ஆறு மாதத்தில் வருவேன் என்றாள். இரண்டரை வருடமாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், 'சாப்பிட்டீங்களோ, குளிரோ' என்று கேட்பாள். சாப்பிட்டேன், குளிர் என்று சொல்வேன். எட்டாம் மாடியில் ஒரு வீடு, அதில் நான், அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கியது அதனால்தான். 'வடதிசை'யில் 'மீன் வெட்டும் கைகள்' என்று ஒரு தொடர்கதை, மாதம் ஒரு அத்தியாயம். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலைகளில் நாங்கள் நின்ற காலத்துக் கதை. அதில் மேரி என்று ஒரு பெண், மெசினில் விரல் போனவள். அவளுக்காக மனேச்சரின் மேசையில் அடித்து நியாயம் கேட்கிற இளங்கோ என்ற ஒரு மொழிபெயர்ப்பாளன். அந்த அத்தியாயம் வந்த கிழமை, கடையில் முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து, "அண்ணை, இளங்கோ மாதிரி நாலு பேர் இருந்தால் எங்கடை சனம் இப்பிடிச் சீரழியாது" என்றார். வசந்தமலர் போன பிறகு என்னை வேறு யாரும் தொட்டதாக ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து அடுத்த அத்தியாயத்தை ஒரே இருப்பில் எழுதினேன்.

கூட்டத்தில் நான் நன்றாகத்தான் பேசினேன். பன்னிரண்டு வயதில் அந்த மனிதர் சப்பாத்து மை ஆலையில் வேலைக்கு விடப்பட்டார். தகப்பன் கடன்காரர் சிறையில். பையன் யன்னல் ஓரம் இருந்து மைப்போத்தலுக்குத் தாள் ஒட்டுவான், தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வெட்கம் அவரைச் சாகும்வரை விடவில்லை. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. ஒரு நண்பருக்குச் சொன்னார், அந்த நண்பர் அவர் செத்த பிறகு எழுதித்தான் பிள்ளைகளே அறிந்தார்கள். வாயால் சொல்லாததை நாவலுக்கு நாவல் எழுதினார். பசித்த பிள்ளை, வேலைத்தலம், சிறை, ஏழையை மிதிக்கிற அதிகாரி. வாசித்தவர்கள் அழுதார்கள், வெட்கப்பட்டார்கள். இதையெல்லாம் சொல்லும்போது என் அப்பாவைத்தான் நினைத்தேன். ஏனென்றால், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் செதிள் கையில் ஒட்ட ஒட்ட நின்றுகொண்டு, யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு, 'கந்தோரில் மேற்பார்வை வேலை' என்று கடிதம் எழுதியவன் நான்.

கடைசியாக ஒரு சம்பவம் சொன்னேன். அவரும் மாதாமாதம்தான் தொடர்கதை எழுதினார். ஒரு கதையில், மிகவும் உயரம் குறைந்த ஒரு பெண்ணைப் பகிடிக்குரிய பாத்திரமாக, அவ்வளவு நல்லவள் இல்லாதவளாக எழுதிவிட்டார். அவருடைய அயலில் கால்நகம் பார்க்கிற தொழில் செய்த ஒரு பெண் இருந்தாள், அதே உயரம், அதே தொழில். கதையை வாசித்தவள், 'இது நான்தானே, என்னை ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று அவருக்குக் கடிதம் எழுதினாள். அவர் வருந்திப் பதில் போட்டார். பிறகு வந்த அத்தியாயத்தில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். "எழுத்தாளனுடைய மனச்சாட்சி எண்டால் அதுதான்" என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

"கேள்வி ஏதும் இருந்தால் ரெண்டொரு பேர் கேக்கலாம்" என்றான் மகேசன். அவனுக்கும் றோல்ஸ் ஆறுகிற கவலை.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழும்பினாள். நரைத்த கட்டைத் தலைமயிர், நீலக் குளிர்ச்சட்டை. அறைக்குள்ளும் இடது கையில் மட்டும் கையுறை.

"அந்த மனிசி கடிதம் போட்டபடியால் மாத்தினவர். போடாமல் விட்டிருந்தால்?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. இருபது வருடம் கழிந்தாலும், யாழ்ப்பாணக் கடற்கரையின் அந்தக் குருநகர்ப் பேச்சும் கேள்வியை நேரே முகத்தில் கேட்கிற விதமும் மாறவில்லை. என் கதையில் மேரி என்று நான் பெயர் வைத்த ஆள் அவள். சொந்தப் பெயர் அனஸ்ரேசியா.

"அது... சொல்ல ஏலாது" என்றேன்.

"சரி" என்று இருந்துவிட்டாள். நன்றியுரை சொன்ன இரவீந்திரன் அவளுடைய கேள்வியைச் 'சிந்தனைக்குரிய கேள்வி' என்று பாராட்டினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் கதவடியில் நின்றாள். அண்ணை என்று கூப்பிடவில்லை. "ஒரு கோப்பி குடிப்பமே" என்றாள். கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் ஒரு மேசையில் இருந்தோம். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பையைப் பிடித்தாள். சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியில் முடிந்திருந்தன.

நடந்தது இதுதான். 1988 மாசி. மீனின் தோலை உரிக்கிற மெசினுக்கு முன்னால், கை உள்ளே போகாமல் ஒரு தகடு இருக்கும். வேகம் போதாது என்று போர்மன் அதைத் திங்கட்கிழமை கழற்றி வைத்தான். வியாழக்கிழமை அனஸ்ரேசியாவின் கை உள்ளே போனது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு மனேச்சர் விசாரித்தார். அவளுக்கு அப்போது நொஸ்க் என்கிற நொர்வேப் பாசை ஒரு சொல்லும் தெரியாது. நான் ஒரு வருடம் இங்கே மக்கள் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவன், எங்களுக்குள் பாசை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னாள். தகடு, திங்கட்கிழமை, போர்மனின் பெயர், எல்லாம். நான் மனேச்சருக்குத் திருப்பிச் சொன்னது, 'தகட்டைத் தானே கழற்றினாளாம், கவனக்குறைவு தன்னுடையதாம்.' மனேச்சர் எழுதினார். நான் இடத்தைக் காட்டினேன், அவள் வலது கையால் கையெழுத்து வைத்தாள். இரண்டு மாதத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் தெற்கே வந்துவிட்டாள். இதைத்தான் இளங்கோ மேசையில் அடித்துப் பேசியதாக நான் எழுதியிருந்தேன்.

அனஸ்ரேசியா கைப்பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து மேசையில் விரித்தாள். அதே அறிக்கையின் பிரதி.

"தொண்ணூத்தாறில என்ரை விபத்துப் பைலைக் கேட்டு எடுத்தனான். அதுக்குள்ளை நான் பாசை படிச்சு, வயோதிபர் இல்லத்தில வேலைக்கும் சேந்திட்டன். பஸ்ஸுக்குள்ளை நிண்டு வாசிச்சனான். முதல், வேறை ஆற்றையோ பேப்பரை மாறித் தந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். கீழை பாத்தால் என்ரை கையெழுத்து."

நான் கடுதாசியை எடுத்து அடியில் பார்த்தேன்.

"பதினொரு வருசமா உங்களைத் தேடி வரேல்லை. வந்து என்ன செய்யிறது, விரல் முளைக்கப்போகுதே? ஆனால் உங்கடை கதையைக் கொண்டுவந்து கோயிலடியில ஒரு பிள்ளை வாசிச்சுக் காட்டினது. மேரி இளங்கோவைக் கும்பிட்டு அழுறாளாம்!" அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை. "நான் உண்மையா நன்றி சொன்னனான் உங்களுக்கு. ஞாபகம் இருக்கோ? கந்தோருக்கு வெளியில பனிக்குள்ளை நிண்டு, 'அண்ணை, நீங்கள் இல்லாட்டில் நான் வாய்பேசாதவள்தானே' எண்டு சொன்னனான். விரல் போனதைவிட அந்த நன்றி சொன்னதை நினைக்கத்தான் எனக்குப் பத்தி எரியுது."

ஞாபகம் இருந்தது. அந்த இடத்தை நான் கதையில் அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருந்தேன். வெட்கம் கெட்டவன்.

அவள் குரலைத் தாழ்த்திக் காரியத்துக்கு வந்தாள். மிஞ்சின விரலும் இப்போது மரத்துப்போகிறது. நோயாளியைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். கை இப்படி ஆனது வேலைவிபத்தால் என்று காப்புறுதி அலுவலகம் ஒத்துக்கொண்டு நட்டஈடு தர வேண்டுமானால், பழைய அறிக்கை குறுக்கே நிற்கிறது.

"அண்டைக்கு மொழிபெயர்த்த ஆள் எழுத்தில உண்மையைச் சொன்னால் திரும்ப எடுத்துப் பாப்பம் எண்டு அலுவலகத்தில சொல்லியிருக்கினம். தை பதினைஞ்சாந் திகதிக்கு முன்னம் குடுக்கவேணும். எழுதித் தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"பாப்பம்" என்றேன்.

பாப்பம்! அந்த ஒரு சொல்லுக்கே என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஆனால் என்னுடைய பயத்தையும் சொல்ல வேண்டும். பொய்யாக மொழிபெயர்த்தவன் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்தால், எந்த வைத்தியர் என்னைப் பக்கத்தில் இருத்துவார்? அந்த வேலை போனால் மாதத்தில் ஒரு நாள்கூட ஒருவரும் என்னோடு கதைக்கத் தேவையில்லை. கதைக்கிறதே அந்த வேலையில் மட்டும்தான், அதுவும் அடுத்தவருடைய கதை. அதையும் விட்டுவிட்டு எட்டாம் மாடியில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு நடுக்கமாக இருந்தது.

இரண்டு கிழமை சமைக்கவும் மனமில்லாமல் பாணும் சம்பலுமாகத் திரிந்தேன். அனஸ்ரேசியா தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். அவள் எடுக்காததுதான் என்னைத் தின்றது. பிறகு ஒரு காலை, தேத்தண்ணி ஊற்றும்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. ஆகா, வழி இருக்கிறதே! அந்த ஆங்கிலேயர் என்ன செய்தார்? கதையை மாற்றினார். நானும் மாற்றுகிறேன்.

பதினோராம் அத்தியாயத்தை நான்கு நாளில் எழுதினேன். அதில் எல்லாம் வெளிவருகிறது. இளங்கோ மேசையில் அடிக்கவில்லை, அது அவன் பிறகு ஊராருக்குச் சொன்ன புளுகு. உண்மையில் அவன் மேரியின் வாயிலிருந்து வந்ததைத் தின்றுவிட்டு வேறொன்றைத் துப்பினான். தகடு, போர்மன், கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை. எழுதும்போது அழுதேன். அழுததால் நல்ல மனிதன் ஆகிவிட்டேன் என்றும் நினைத்தேன். அதைப்போல் ஒரு சுகம் கிடையாது, நம்புங்கள்.

தை முதற்கிழமை 'வடதிசை' வந்தது. மகேசன் தொலைபேசியில் துள்ளினான். "அண்ணை, என்ன திருப்பம் அண்ணை! இளங்கோவை இப்பிடிக் கவிழ்ப்பியள் எண்டு கனவிலையும் நினைக்கேல்லை. எங்கையிருந்து பிடிச்சியள் இந்தக் கற்பனையை?" இரவீந்திரன் இரண்டு பக்கத்தில் வாசகர் கடிதம் எழுதினார், 'மனித மனத்தின் இருட்டை ஆசிரியர் துணிச்சலாகத் தோண்டியிருக்கிறார்' என்று. கடையில் நான்கு பேர் வலிய வந்து கதைத்தார்கள். வாக்குமூலம் கொடுத்தவனுக்குப் பரிசு கொடுக்கிறார்கள்! நானும் வாங்கிக்கொண்டு, "சும்மா, அனுபவந்தான்" என்று தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டாந் திகதி, சனிக்கிழமை காலை, பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்று கோப்பிக் கடையில் அவள் எழுதித் தந்த விலாசம் பார்த்து வெயித்வெத்தில் இறங்கினேன். நான் இருக்கிற ஸ்டோவ்னரில் இருந்து அதே ரயில்பாதையில் ஏழாவது நிறுத்தம். இவ்வளவு கிட்ட அவள் பல வருடமாக இருந்திருக்கிறாள், எத்தனை தரம் ஒரே பெட்டிக்குள் நின்றோமோ தெரியாது.

அவளும் தனியத்தான். ஒரு சின்ன வீடு. கிறிஸ்மஸ் குடில் இன்னும் எடுத்துவைக்காமல் மூலையில் இருந்தது. பத்திரிகையைப் பதினோராம் அத்தியாயத்தில் விரித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து வாசித்தாள். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. நான் எதிரில் இருந்து சோதனை முடிவுக்குக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவளுடைய முகத்தையே பார்த்தேன். ஓரிடத்தில் அவளுடைய வாய் கோணியது. அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு நாய் வாலாட்டியது.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லா எழுதியிருக்கிறீங்கள்."

"அந்த எழுத்தாளரைப் பற்றிச் சொன்னன்தானே அண்டைக்கு. அவர் அந்தப் பெண்ணுக்காகக் கதையை மாத்தினவர். அதைத்தான் நானும்..."

"அந்த மனிசி கேட்டது அதைத்தானே. கதையில என்னை இப்பிடி எழுதாதையுங்கோ எண்டு கேட்டது. அவர் அதைச் செய்தவர். நான் உங்களிட்டைக் கதையோ கேட்டனான்?"

நான் பத்திரிகையை மூடினேன்.

"இதை நான் அலுவலகத்தில இருக்கிற அந்தப் பொம்பிளையின்ரை மேசையில கொண்டுபோய் வைச்சால் என்ன சொல்லுவா? மேரி ஆர், இளங்கோ ஆர் எண்டு கேப்பா. இது தமிழ். அவைக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் எந்தப் பாசையில பொய் சொன்னீங்களோ, அந்தப் பாசையில எழுதித் தாங்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஒருவருக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அதைக் குடுத்தால் என்ரை வேலை போகும், அனஸ்ரேசியா."

"தெரியும்."

"எனக்கு வேறை ஒண்டும் இல்லை. மனிசி அங்கை, பிள்ளை அங்கை. அந்த வேலை இல்லாட்டில் நான் ஒருத்தரோடையும்..."

"அதுவும் தெரியும். நான் மட்டும் ஆரோடை இருக்கிறன்?" என்றாள்.

அப்போதுதான் இருபது வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். வசந்தமலருக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த மாசி மாதம் வசந்தமலரும் ஆறு வயது மகள் சாருகாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். இந்திய ஆமி வந்து சண்டை தொடங்கி நாலைந்து மாதம். அவர்களைக் கூப்பிட எனக்கு நிரந்தர வேலை என்று மனேச்சர் ஒரு கடிதம் தர வேண்டும். தட்டச்சுச் செய்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார், கையெழுத்துத்தான் பாக்கி. அனஸ்ரேசியாவின் விசாரணை நடந்த அன்று காலை, 'இந்தத் தமிழர் பிரச்சினைக்காரர் இல்லை என்று நம்புகிறேன்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நானே செய்தேன். விசாரணை முடிந்து நாலாம் நாள் கடிதம் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதையும் சொன்னேன். அவள் மீன்பிடிக்கிற குடும்பம், நான் வாத்தியார் மகன். யாருடைய ஊர் எது, யார் என்ன ஆட்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உலகத்தின் வட முனையில் ஒரே மேசையில் மீன் வெட்டினாலும் எனக்குள் அந்தத் திமிர் செத்திருக்கவில்லை. வேறொருத்தியாக, என் ஊர்க்காரியாக இருந்திருந்தால் அவ்வளவு சுளுவாக அந்தப் பொய் வந்திருக்குமோ தெரியாது. என் கதையில் இதை எழுதவில்லை. ஏழைகளுக்காக மாதாமாதம் கண்ணீர் விட்ட எனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

அனஸ்ரேசியா கண்ணாடியை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மற்றது எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கடை தேத்தண்ணிக் கோப்பையை நீங்கள் புறம்பா வைச்சிருந்தனீங்கள். ஆனால் அந்தக் கடிதம்... அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. 'பிள்ளை அங்கை சண்டைக்குள்ளை, செல்லடிக்குள்ளை கிடக்குது, மனேச்சர் இப்பிடிச் சொல்லுறான்' எண்டு ஒரு சொல்லுத் தமிழில சொல்லியிருந்தால், என்ரை பிழைதான் எண்டு நானே சொல்லியிருப்பன். விரல் போயிட்டுது, அது திரும்ப வராது. பிள்ளையெல்லோ! நான் என்ன மனிசியில்லையே?"

நான் அழுதேன். பதினோராம் அத்தியாயத்துக்கு அழுத அழுகை இல்லை இது. மூக்கு ஒழுகி, சத்தம் வந்து, ஐம்பது வயது மனிதன் அழக்கூடாத மாதிரி அழுதேன். அவள் எழும்பி வரவும் இல்லை, தண்ணீர் தரவும் இல்லை. முடியும்வரை இருந்தாள். பிறகு ஒரு தாளையும் பேனையையும் எடுத்துவந்து வைத்தாள்.

நொஸ்க்கில் எழுதினேன். கதை எழுதுகிற எனக்கு அந்த ஒன்றரைப் பக்கம் ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒரு வசனத்தையும் அழகாக எழுத வரவில்லை, எழுதவும் கூடாது என்று இருந்தது. முடித்துவிட்டுக் கையெழுத்து வைக்கக் குனிந்தேன். அவள் தன்னுடைய குறைந்த விரல்களைத் தாளின் மேல் வைத்தாள்.

"பொறுங்கோ. வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் கையெழுத்து வாங்கவேணும். அதுதானே முறை."

தாளையும் பேனையையும் தன் பக்கம் இழுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வசனமாக நொஸ்க்கில் வாசித்து, தமிழில் எனக்குச் சொன்னாள்.

"'ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் நான் இந்தத் தொழிற்சாலையில மொழிபெயர்த்தனான்.' சரியோ?"

"சரி."

"'தகட்டைப் போர்மன் திங்கட்கிழமை கழட்டினது எண்டு அனஸ்ரேசியா தெளிவாச் சொன்னவ. நான் அதை மனேச்சருக்குச் சொல்லேல்லை.' சரியோ?"

"சரி."

"'அவ சொல்லாததை அவ சொன்னதா நான் சொன்னனான்.'" அந்த வசனத்தை நொஸ்க்கில் இன்னொருதரம் வாசித்தாள். "சரியோ?"

"சரி."

"'எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டாமல் கையெழுத்து வைக்கச் சொன்னனான். எல்லாம் சொல்லியிட்டன் எண்டு அவவுக்குப் பொய் சொன்னனான். அவ என்னை நம்பினவ.'"

ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருபது வருடம் அந்தத் தொழில் செய்த எனக்குத் தெரியும், அதைவிடச் சரியாக ஒருவரும் மொழிபெயர்க்க முடியாது.

"சரியோ?" என்று திரும்பக் கேட்டாள்.

"ஓம்" என்றேன். "சரி."

அதற்குப் பிறகுதான் பேனையை என் கையில் தந்தாள்.